முதல் குடம்

ஐஸ் பெட்டியின் ஒயரை எந்த பிளக்கில் சொருக வேண்டும் என்று சுதாகர்தான் சொன்னான். ஹாலில் இருப்பது தாங்காது, தறி ரூமிலிருந்து இழு என்றான். பந்தல்காரனிடம் சாக்கடை மூடியின் மேல் கம்பு நடாதே என்றான். மேளக்காரர்களுக்கு டீ போயிற்றா என்று கேட்டான். பூ எதுவரை வந்திருக்கிறது என்று போனில் விசாரித்தான். நடுவில் யாராவது புதிதாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றினால், போனை மடியில் செருகிக்கொண்டு, அவர்கள் தோளில் முகத்தை வைத்து, அவர்கள் அழத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அழுதான்.

சூர்யகலா பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் இருந்தது அவர்களுடைய தம்பி தமிழ்வாணன். மூன்று பேரில் சுதாகர் மூத்தவன், சூர்யகலா நடு, தமிழ் கடைசி. இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு இரண்டு நாள் வேலூருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தவன், நேற்று மாலை டயாலிசிஸ் நடக்கும்போதே போய்விட்டான். பிள்ளை இல்லை. மனைவி கனிமொழி தலைமாட்டில் சுவரோடு சாய்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை.

செய்தி கேட்டதும் சூர்யகலா போளூரிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறி ஆரணிக்கு வந்துவிட்டாள். வந்ததிலிருந்து ஒரே பேச்சுதான் காதில் விழுந்துகொண்டிருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த நெசவாளிகள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"கூடப் பொறந்தவன் கிட்னியவே அறுத்துக் குடுத்தான்யா. வாங்கினவன் காப்பாத்திக்கல."

"ஒளிச்சி ஒளிச்சி குடிச்சிகினு இருந்தானாமே?"

"யாரு சொன்னது?"

"சுதாகரே சொன்னான். சொல்லிட்டு, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னான். அந்த மனசு யாருக்கு வரும்?"

தமிழ் குடித்ததில்லை. நோய் வந்த பிறகு தண்ணீர்கூட அவனுக்கு அளவுதான். கோடையில் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, அது கரைவதை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருப்பான்.

கிட்னியும் யாரும் கொடுக்கவில்லை.

நடந்தது இதுதான். தமிழுக்கு மாற்று கிட்னி வேண்டும் என்றார்கள். சூர்யகலாவுக்குச் சர்க்கரை. கனிமொழியினுடையது சேரவில்லை. அம்மா விருத்தாம்பாளுக்கு வயது தாண்டிவிட்டது. சுதாகருடையது பொருந்தியது. அன்றைக்கே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, அவனே சொன்னான். டீக்கடையில் அவன் வந்தால் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் படம் போட்டு பேனர் வைத்தார்கள். நெசவாளர் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது, தலைவர் பதவிக்கு அவனை எதிர்த்து நிற்க ஒருத்தருக்கும் மனம் ஒப்பவில்லை. ஜெயித்துவிட்டுத்தான் சென்னைக்கு ஆபரேஷனுக்குப் போனான்.

அங்கே கிட்னி தருகிறவரைத் தனியாக உட்கார வைத்துப் பேச ஒரு மனநல டாக்டர் இருந்தாள். பேசி முடித்துவிட்டு சூர்யகலாவை உள்ளே கூப்பிட்டு, உங்கள் அண்ணன் சின்ன வயதில் எப்படி என்று விசாரித்தாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் கொஞ்சம் தடுமாறுவார்கள், இவர் தடுமாறவில்லை என்றாள். தம்பி பிழைக்காமல் போனால் என்று கேட்டபோது கண் கலங்கினாராம். டாக்டர் குனிந்து எழுதத் தொடங்கியதும் கண் காய்ந்துவிட்டதாம். வியாதியா என்று கேட்டாள் சூர்யகலா. வியாதி என்று சொல்ல முடியாது, ஒரு விதமான ஆள் என்றாள் டாக்டர். நூற்றில் ஒருவர் இப்படி உண்டு என்பார்கள். முக்கால்வாசிப் பேர் கொலையெல்லாம் செய்வதில்லை. கடை நடத்துவார்கள், கட்சி நடத்துவார்கள், தீப்பிடித்த வீட்டுக்குள் மற்றவர்களுக்கு முன்னால் இறங்குவார்கள். அடுத்தவன் வலி அவர்களுக்குத் தெரியும், உறைக்காது. "இவங்க இல்லாத ஊரு இல்லம்மா. ஊருக்கும் இவங்க வேண்டியிருக்கு. ஆனா இவங்கள நம்பி ஒரு உயிர வைக்கறதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு." சொல்லிவிட்டு, பயம் இல்லாதவன் தரக்கூடாது என்று சட்டம் இல்லாததால், சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அட்மிட் ஆன அன்று சாயங்காலம் சுதாகர் டீ குடிக்கக் கீழே போனான். திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான். சூர்யகலா மாடிப்படியிலேயே அவனை மறித்தாள்.

"பயந்துட்டியாண்ணா?"

"பயமா? இல்லியே." யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "வேணாம்னு தோணிச்சி."

"தமிழு செத்துடுவான்."

"தெரியும்," என்றான். "ஆறிடப் போவுது, கனிகிட்ட குடு."

ஆரணிக்குத் திரும்பியபோது, ஆபரேஷன் நடந்தது, தம்பி உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஊருக்குச் சொன்னான். நாற்காலியிலிருந்து எழும்போது இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தான். சூர்யகலா ஊரில் சொல்லப் போவதாகச் சொன்னாள். சொல்லு என்றான். அவன் கார்தான் தமிழை வேலூருக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தது. நீ சொன்ன பிறகு வண்டி எங்கே போகும் என்று எனக்கே தெரியாது என்றான். குரலில் மிரட்டல் இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வது மாதிரி சொன்னான். தமிழே அவள் கையைப் பிடித்து, விட்டுடுக்கா என்றான். விட்டாள். கனிமொழியும் விட்டாள். போகப்போக விலாவைப் பிடிக்கும் கை சில நாள் வலது பக்கம் மாறியது. அதை அவர்கள் இரண்டு பேரும் மட்டும் பார்த்தார்கள்.

இப்போது தமிழ் வேலூருக்குப் போக வேண்டியதில்லை.

ராத்திரி முழுக்க அவள் யோசித்தது ஒன்றைத்தான். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சாயப்பட்டறை எரிந்தபோது உள்ளே போய் சிலிண்டரை உருட்டி வெளியே தள்ளியவன் அவன். போளூர் ரோட்டில் வேன் கவிழ்ந்தபோது, மற்றவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, கை கால்களைச் சேர்த்து வைத்துத் துணி மூடியவன் அவன். கூலிப் பேச்சில் முதலாளிகள் முன்னால் கண் சிமிட்டாமல் உட்கார்ந்தவன். அதே முதலாளிகளுக்காக, பாவு நூல் வாங்கிக்கொண்டு நெய்து தராத வீடுகளுக்குப் போய், பெண்கள் அழ அழத் தறியைக் கழற்றிக்கொண்டு வந்தவனும் அவன்தான். ஊர் அதற்கெல்லாம் தைரியம் என்று பேர் வைத்திருந்தது. அவளைவிட அவன் நன்றாகப் பேசுவான். அவளைவிட நன்றாக அழுவான்.

அவனுக்கு எங்கே வலிக்கும்? வெட்கம் இல்லை, பயம் இல்லை, தம்பி இல்லை. ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஊர் தன்னைப் பார்க்க வேண்டும் அவனுக்கு. அதுதான் அவனுக்குச் சோறு. அந்தச் சோற்றில் மண் போட வேண்டும். அதுவும் பிணம் எடுப்பதற்குள், தமிழ் குடித்தே செத்தான் என்ற பேச்சு சுடுகாடு வரை அவனோடு போவதற்குள்.

ஆபரேஷன் ஆன உடம்பில் தையல் தழும்பு இருக்கும். அது இரண்டு பேர் உடம்பிலும் இல்லை. தமிழின் துணியை விலக்கித் தெருவுக்குக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. சுதாகரின் துணி வேறு.

*

கொள்ளி வைக்கப் போவது காத்தவராயன் என்று முடிவாகியிருந்தது. சித்தப்பா அருணாச்சலத்தின் மகன், தமிழுக்கு இளையவன், பங்காளி முறை. சுதாகர்தான் அப்படி ஏற்பாடு செய்திருந்தான். ஆபரேஷன் ஆன உடம்பு, குடம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னான். தமிழைக் குளிப்பாட்டவும் வேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே துடைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றான். எல்லாவற்றையும் நினைத்திருந்தான்.

விடியற்காலை காத்தவராயனின் மனைவி காவ்யா பின்கட்டில் குனிந்து ஓக்காளித்ததை சூர்யகலா பார்த்திருந்தாள். எழுந்து பின்னால் போனாள். காவ்யா தண்ணீர் டிரம் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நின்றாள்.

"எத்தினி மாசம்?"

காவ்யா பயந்துபோய்ச் சுற்றும் பார்த்தாள். "ரெண்டு முடிஞ்சி. மூணு முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு அவரு சொன்னாரு அண்ணி."

"அவன் கொள்ளி வைக்கப் போறானே?"

"அதான் எனக்கும்... சொன்னா, எழவு வூட்ல போய் இத சொல்றியான்னு கேப்பாங்கன்னு..."

பொண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் கொள்ளிச்சட்டி தொடக்கூடாது. இந்தத் தெருவில் அது எல்லோருக்கும் தெரியும். சூர்யகலா அவளை ஆறுதலாகத் தொட்டிருக்கலாம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

"வச்சா கொழந்த தங்காதுன்னு சொல்வாங்க," என்றாள். "பாத்துக்கோ. உன் இஷ்டம்."

காவ்யா எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டு மாமனாரைத் தேடி ஓடினாள். குரல் எவ்வளவு சாதாரணமாக வந்தது என்பதை சூர்யகலா கவனித்தாள். மழை வரும் என்று சொல்கிற குரல். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாள்.

பந்தலில் பேச்சு தொடங்கியது. காத்தவராயன் ஆகாது. வேறு பங்காளி யார்? தேசூரில் ஒருவன் இருந்தான், அவன் திருப்பூரில் வேலை செய்கிறான், வந்து சேர ராத்திரியாகும். அருணாச்சலம் பெரியவர், மகன் முறைக்காரனுக்கு அவர் வைக்க முடியாது. அண்ணன் தம்பிக்கு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஆள் இல்லை என்றால் வைக்கலாம், தெள்ளாரில் வைத்தார்கள் என்றார் இன்னொருவர். எல்லோரும் சுதாகரைப் பார்த்தார்கள். சுதாகர் விலாவில் கை வைத்தபடி, எனக்கு ஆசை இல்லையா, இந்த உடம்பு விடவில்லையே என்றான். திருப்பூர் ஆளுக்கு கார் வைத்து வரவழைக்கிறேன், சாயங்காலம் எடுக்கலாம் என்று போனை எடுத்தான்.

சூர்யகலா வாசல்படிக்கு வந்து நின்றாள். பெண்கள் பந்தலுக்கு வந்து பேசுவது வழக்கமில்லை. பேச்சு நின்றது.

"ண்ணா," என்றாள். "நேத்து தமிழு என்கிட்ட போன்ல பேசினான். கடேசியா அதான் பேசினது. எனக்கு ஒன்னு ஆனா, பாதி உசிரு குடுத்தவன் கையாலதான் போவணும்னான்."

தமிழ் அப்படிச் சொல்லவில்லை. நேற்று அவன் பேசவே இல்லை. ஆனால் பந்தலில் இரண்டு பேர் துண்டை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். உள்ளே பெண்கள் கூட்டத்தில் ஒப்பாரி ஏறியது. ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினான். அருணாச்சலம் எழுந்து வந்து சுதாகரின் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டி ஒன்றும் கனமில்லைடா, குடத்துக்கு அரைத் தண்ணீர் போதும் என்றார்.

சுதாகர் கூட்டத்தைப் பார்த்தான். பந்திக்கு முன்னால் இலையைப் பார்க்கிறவன் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். தமிழ் போனில் பேசவில்லை என்று அவனுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவன் அவன்தான். பார்வை கொஞ்ச நேரம் அவள் மேல் நின்றது. அதில் கோபம் இல்லை. புது டிசைன் சேலையை விரித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"தமிழு கேட்டானா," என்றான். "அப்ப வேற பேச்சே இல்ல."

*

சவரம் செய்ய வந்த துரைக்கண்ணு தெருக்குழாய் ஓரம் பலகை போட்டு அவனை உட்கார வைத்தார். தலையும் மீசையும் போயின. மீசை போனதும் அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது. சட்டையைக் கழற்றினான். பனியன் மேல் பெரிய துண்டைப் போட்டு மார்போடு இறுக்கிச் சுற்றிக்கொண்டான்.

"பனியன் கழட்டுங்க," என்றார் துரைக்கண்ணு.

"இருக்கட்டும். குளுரும்."

"தச்ச துணி ஒடம்புல ஒன்னுகூட இருக்கக்கூடாது சார். மொறைன்னு ஒன்னு கீது. நான் சொல்லலன்னா நாளைக்கு என்ன கேப்பாங்க."

துண்டுக்குள்ளேயே கையை விட்டு பனியனை உருவி எடுத்தான். லாவகமாகத்தான் செய்தான். துண்டு அசையவில்லை. பூணூல் ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள், அதுவும் துண்டின் மேலேயே கிடந்தது.

அவர்கள் வீட்டு வழக்கத்தில் கொள்ளி வைக்கிறவன் தலையில் முதல் குடம் ஊற்றுவது கூடப் பிறந்தவள். அப்புறம்தான் மற்ற பெண்கள். சூர்யகலா பித்தளைக் குடத்தைக் குழாயில் பிடித்து இடுப்பில் தூக்கி வந்தாள். பறை வேகம் பிடித்திருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள். மாடியில் ஆட்கள். சங்கத்து டைரக்டர்கள் மாலையோடு முன்வரிசையில் நின்றார்கள். அதற்குப் பக்கத்தில் அருணாச்சலம். அவர் சங்கத்தில் சேலை பார்ப்பவர். நெசவாளி கொண்டுவரும் சேலையை விளக்கடியில் விரித்து, இழை அறுந்திருக்கிறதா, ஜரிகை தொங்குகிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை.

அவள் ஊற்றினாள். மொட்டைத் தலையில் தண்ணீர் தெறித்துச் சிதறியது. துண்டு நனைந்து உடம்போடு ஒட்டியது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"துண்ட குடுண்ணா. பிழிஞ்சி தரேன்."

சுதாகர் நிமிர்ந்தான். இமையில் தண்ணீர் நின்றது. அவள் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். இப்போது எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. காவ்யா, போன், முதல் குடம், எல்லாம். ஒரு வார்த்தை சொல்லித் தப்பியிருக்கலாம். அவனுக்கா வார்த்தைக்குப் பஞ்சம்? மயக்கம் வருவது போல் உட்கார்ந்திருக்கலாம். அவன் செய்யவில்லை. என்ன ஆகிறது பார்க்கலாம் என்று நினைத்திருப்பான். அல்லது இந்தப் பேர் அவனுக்கு ஏற்கனவே அலுத்துப்போயிருக்கும்.

துண்டை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தான்.

வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. மார்பு, வயிறு, விலா, இடுப்பு. எங்கேயும் ஒரு கீறல் இல்லை. நாற்பத்தைந்து வயதுக்கு நல்ல உடம்பு.

சூர்யகலா துண்டைப் பிழிந்தாள். மெதுவாகப் பிழிந்தாள். ஒரு முறை பிழிந்ததை உதறி மறுபடி பிழிந்தாள். இரண்டாவது குடத்தோடு நின்ற பெண் ஊற்றாமல் நின்றாள்.

அருணாச்சலம் முன்னால் வந்தார். சுதாகரின் இடது பக்கம் நின்று பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். சுற்றிப் போய் வலது பக்கம் பார்த்தார். சேலையைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்க்கிறவர் மாதிரி முதுகையும் பார்த்தார். அவசரப்படவில்லை.

"எந்தப் பக்கம்டா சுதாகரு?" என்றார்.

பறை நிற்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"நேரமாவுது சித்தப்பா," என்றான் சுதாகர். "ஜல்தி எடுக்கச் சொல்லுங்க."

யாரும் திட்டவில்லை. யாரும் கையை ஓங்கவில்லை. பிணத்தைப் போட்டுவிட்டு அதெல்லாம் செய்ய முடியாது. டைரக்டர்களில் ஒருவர் மாலையைப் பாடையில் வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் பின்னோக்கி நகர்ந்து மறைந்தார். படம் பிடித்துக்கொண்டிருந்தவன் போனை இன்னும் தாழ்த்தவில்லை. அப்போது வீட்டு வாசலிலிருந்து கனிமொழி பேசினாள். நேற்றிலிருந்து பேசாத தொண்டை, கரகரவென்று வந்தது.

"அவரு குடிக்கலங்க." யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள். "தண்ணி கேட்டாக்கூட நான் குடுக்கல. ஒரு சொம்பு தண்ணி. ஒரு நாளு குடுத்திருக்கலாம்."

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். முன்வரிசையில் நின்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பாடையைத் தூக்கினார்கள். கொள்ளிச்சட்டி எடுத்துப் போகிறவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பங்காளி கூடவே நடக்க வேண்டும். காத்தவராயன் அப்பாவைப் பார்த்தான். அருணாச்சலம் வேறு பக்கம் பார்த்தார். சுதாகர் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு புகைகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தான். நடை சீராக இருந்தது. பின்னால் வந்தவர்கள் இடைவெளி விட்டு வந்தார்கள். தெருமுனை திரும்பும்வரை அந்த வெறும் முதுகை சூர்யகலா பார்த்துக்கொண்டிருந்தாள். போடா, என்று சொல்லிக்கொண்டாள். இனிமேல் எவன் தோளிலும் முகத்தை வைத்துப் பார்.

*

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஐஸ் பெட்டியை வண்டிக்காரன் வந்து எடுத்துப் போனான். மஞ்சள் தண்ணீர் தெளித்து, விளக்கேற்றி, படியில் சொம்பில் தண்ணீர் வைத்தாயிற்று. விருத்தாம்பாள் உள்ளறையில் கட்டிலில் கிடந்தாள். கண் புரை, வாசலில் நடந்ததைப் பார்த்திருக்க முடியாது. யாரோ சொல்லியிருந்தார்கள். சூர்யகலா கஞ்சி கொண்டுபோனபோது வாங்கிக்கொள்ளவில்லை.

"அவன் மானத்த தெருவுல வச்சிட்டியேடி."

"அவன் தமிழோடத வச்சான்மா. குடிகாரன்னு பேசிகினு இருந்தாங்க, காதுல விழலியா?"

"எனக்குத் தெரியாதா?" அம்மா கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "எந்தப் புள்ள எப்டின்னு பெத்தவளுக்குத் தெரியாதா? பொறந்ததுலருந்து தெரியும். உங்கப்பா போனப்ப முதலாளி ஆளுங்க தறிய கழட்ட வந்தாங்களே. நீ அழுத, தமிழு அழுதான். அவன்தான் அருவாமணைய எடுத்துகினு போய் தறிக்குழியில எறங்கி உக்காந்தான். பதிமூணு வயசு. ஒரு வார்த்த பேசல. அவங்க அவன் மூஞ்ச பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. அந்தச் சோத்ததாண்டி எல்லாரும் தின்னோம். உன்ன கட்டிக் குடுத்ததும் அதுலதான்."

சூர்யகலா கஞ்சியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"நீ ஏன்டி அழல?" என்றாள் அம்மா.

"எப்ப?"

"காலைலருந்து. உன் கொரலு எனக்குத் தெரியாதா? ஒரு வாட்டிகூட கேக்கல."

வேலை இருந்தது என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். தமிழுக்கு என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். வரவில்லை. பெட்டியின் கால்மாட்டில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள். வாசலில் இருந்தவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் திரும்பி வந்து கால் கழுவி விளக்கைப் பார்த்துவிட்டு, உட்காராமலே கலைந்துபோனார்கள். அருணாச்சலம் மட்டும் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். சுதாகர் ஹாலில் பாயில் உட்கார்ந்தான். கொள்ளி வைத்தவன் கருமாதி முடியும்வரை இந்த வீட்டுப் படி தாண்டக்கூடாது. அவனுக்குச் சோறு போட வேண்டியது அவள்தான். போட்டாள். நன்றாகச் சாப்பிட்டான். ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான்.

"கலா," என்றான், தட்டைப் பார்த்தபடி.

அவள் நின்றாள்.

"எப்டி இருந்திச்சி?"

"எது?"

"அத்தினி பேரும் பாத்தாங்களே. அப்ப. நல்லா இருந்திச்சா?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பதிலுக்குக் காத்திருந்தான். அவள் ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எதிர்வீட்டு தெய்வநாயகி ஓடி வந்து படிக்குக் கீழே நின்றாள். உள்ளே பாயில் இருந்தவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் போகவில்லை. அருணாச்சலத்திடம் மெதுவாகச் சொன்னாள். தறிக்குழியில், நெய்கிறவர் கால் வைக்கும் பள்ளத்தில், பாம்பு. பாவு ஏற்றியிருக்கிறது, பாதிச் சேலை நெய்தாயிற்று, மண்ணெண்ணெய் ஊற்ற முடியாது, கட்டை போட்டு அடிக்க முடியாது. ஃபயர் சர்வீஸ்காரர்கள் வேறு ஊருக்குப் போயிருக்கிறார்கள், வர நேரமாகுமாம். வீட்டு ஆண்கள் எல்லோரும் தெருவில் நிற்கிறார்கள். தறிக்குழியில் பாம்பு என்றால் இந்தத் தெருவில் சுதாகரைத்தான் கூப்பிடுவார்கள்.

சுதாகர் எழுந்துவிட்டான்.

"படி தாண்டக்கூடாது," என்றார் அருணாச்சலம், திரும்பாமல். "நீதான ஒத்துகின."

சுதாகர் நின்ற இடத்தில் நின்றான். தெய்வநாயகி அவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு கதவோரம் நின்ற சூர்யகலாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கலாக்கா," என்றாள். "நீங்க வந்து பாக்கறீங்களா?"

ஏன் அவளை என்று யாரும் கேட்கவில்லை. அருணாச்சலமும் கேட்கவில்லை. சூர்யகலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படி இறங்கினாள்.

எதிர்வீட்டு வாசலில் நின்ற ஆண்கள் அவளுக்கு வழி விட்டார்கள். ஒருவன் கொக்கி வைத்த மூங்கில் கழியையும் டார்ச்சையும் கையில் கொடுத்தான். தறி ரூமில் பல்பு மங்கலாக எரிந்தது. அரக்கு நிறப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. அவள் தறிப்பலகையில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிடாமல் மடக்கிக்கொண்டு, இழைகளை விரலால் கொஞ்சம் விலக்கி டார்ச் அடித்தாள். மிதிகட்டைக்குப் பின்னால் அது சுருண்டு கிடந்தது. தலை இந்தப் பக்கம்தான். டார்ச் வெளிச்சம் அதன் மேல் ஆடாமல் நின்றது.